நடந்து பார் நண்பா!



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது, 'நட்பு' என்று ஒரு கவிதை எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஏற்கெனவே பதினோரு பேர் 'நட்பு' கொடுத்துவிட்டார்களாம். 'அம்மா' ஏழு. 'காதல்' எத்தனை என்று கேட்டேன், சிரித்தார்களே ஒழிய எண்ணிக்கையைச் சொல்லவில்லை. ஆகவே உங்கள் தலையெழுத்து, கட்டுரை.

கடைசி வரை படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காகக் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாமாண்டு புராஜெக்டைக் கடையில் விலைக்கு வாங்காதீர்கள். வாங்கியே தீர வேண்டும் என்றால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு சாயங்காலம் உங்கள் ஊரிலோ நண்பன் ஊரிலோ ஒரு மூன்று கிலோமீட்டர் நடந்து பாருங்கள். பைக்கில் அல்ல. கால்நடையாக. அதற்குப் பிறகும் வாங்கத் தோன்றினால் வாங்கிக்கொள்ளுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். யோக்கியதை இருக்கிறது. நானும் அட்வான்ஸ் கொடுத்தவன்.

எங்கள் குழுவில் ஆறு பேர். ஐந்தாம் செமஸ்டரிலேயே ஒரு கடையில் பேசி முடித்துவிட்டோம். எந்த ஊர்க் கடை என்று சொல்லப்போவதில்லை, உங்களுக்கே தெரியும். 18,000 ரூபாய், தலைக்கு 3,000. மாடல், ரிப்போர்ட், அச்சடித்து பைண்டு பண்ணிய நான்கு பிரதி, வைவாவில் கேட்கக்கூடிய இருபது கேள்விக்கு விடை, எல்லாம் சேர்த்து. நாங்கள் தேர்ந்தெடுத்தது நியூமேட்டிக் வைஸ். 'தேர்ந்தெடுத்தது' என்று எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. ஓட்டலில் மெனு கார்டு பார்ப்பதுபோல் ஒரு லிஸ்ட்டைப் பார்த்து விரலை வைத்தோம், அவ்வளவுதான். நமது சீனியர்கள் வைத்ததும் அதே வைஸ்தான். அவர்களுக்கு நீலம், எங்களுக்குப் பச்சை பெயிண்ட் அடித்துத் தருவதாகச் சொன்னார்கள். பாதிப் பணம் கொடுத்தோம். வெளியே வந்து டீ குடித்தோம். பெரிய பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

அது ஐப்பசி மாதம். அடுத்த சனிக்கிழமை நண்பன் தன் ஊருக்குக் கூப்பிட்டான். "பேரைப் போட்டுடாதடா, எங்க அப்பா மலரை வாங்கிப் படிப்பாரு" என்று சொல்லியிருப்பதால் நண்பன் என்றே எழுதுகிறேன். ஊர் செட்டிகுளம். திருச்சி – சென்னை நெடுஞ்சாலையில் ஆலத்தூர் கேட்டிலிருந்து உள்ளே போக வேண்டும். பெரம்பலூர் டவுன்காரனான எனக்கு செட்டிகுளம் என்றால் தைப்பூசம், பங்குனி உத்திரம், மலைக்கோயில், அப்புறம் சின்ன வெங்காயம். அதற்கு மேல் தெரியாது.

நடந்தது கொள்கைக்காக அல்ல. நண்பனின் பைக்கை அவன் அண்ணன் எடுத்துப் போய்விட்டார். "கொட்டாய் வரைக்கும் போயிட்டு வந்துடலாம் மாப்ள. ரெண்டரைக் கிலோமீட்டர்தான்" என்றான். நான் முகத்தைச் சுளித்தேன். கல்லூரி கேட்டிலிருந்து வொர்க்ஷாப் வரை நடப்பதற்கே லிஃப்ட் கேட்கிற ஆள் நான்.

முதலில் ஏகாம்பரேஸ்வரர் கோயில். இந்தக் கோயிலில் பன்னிரண்டு ராசிக்கும் தனித்தனியாகக் குபேரர் உண்டு. என் ராசிக் குபேரரைத் தேடிப் பிடித்துக் கும்பிட்டேன், வேலை கிடைக்க வேண்டும் என்று. நண்பன் கும்பிடாமல் நின்றான். "பன்னெண்டு குபேரர் இருக்கிற ஊருடா இது. ஆனா வெங்காயத்துக்கு வெல கெடைக்கணும்னா எந்தக் குபேரரைக் கும்பிடணும்னு எங்க அப்பாவுக்கு இன்னும் தெரியல" என்றான். சிரித்தேன். அது சிரிப்பதற்குச் சொன்னதல்ல என்று பிறகுதான் புரிந்தது.

அங்கிருந்து மலை. சின்ன மலைதான். இருநூற்றுச் சொச்சம் படி. மேலே தண்டாயுதபாணி, கையில் கரும்போடு நிற்கிறார். தண்டுக்குப் பதில் கரும்பு ஏன் என்பதற்கு ஒரு தலபுராணக் கதை இருக்கிறது. இந்த இடம் கடம்ப வனமாக இருந்த காலத்தில், வழியில் போன வணிகர் ஒருவர் இருட்டிவிட்டதால் காட்டிலேயே தங்கினாராம். நடுராத்திரியில் ஓர் ஒளி தெரிந்து, அங்கே சிவலிங்கத்தைத் தேவர்கள் பூஜிப்பதைப் பார்த்தாராம். சோழ மன்னரிடம் போய்ச் சொல்ல, மன்னர் வந்து தேடியபோது லிங்கம் கிடைக்கவில்லை. கையில் கரும்பை ஊன்றிக்கொண்டு வந்த ஒரு கிழவர்தான் வழி காட்டினாராம். காட்டிவிட்டு மலைமேல் ஏறி முருகனாய் நின்றுவிட்டார் என்பது கதை. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எனக்கு அதில் பிடித்தது ஒன்றுதான். தேரில் வந்த ராஜாவுக்குத் தெரியாதது நடந்து வந்த வியாபாரிக்கும், கரும்பை ஊன்றி நடந்த கிழவருக்கும் தெரிந்திருக்கிறது!

மலை மேலிருந்து பார்த்தால் மேற்கே பச்சைமலை நீலமாய்க் கிடக்கிறது. கீழே கட்டம் கட்டமாக நிலம். கறுப்பாய் இருப்பது உழுத கரிசல், பச்சையாய் நிற்பது மக்காச்சோளம், வெள்ளைப் புள்ளி பருத்தி என்று நண்பன் விரலை நீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தான். வயல் ஓரங்களில் நீளநீளமாய், ரயில் பெட்டி மாதிரி, கூரை போட்ட ஏதோ தெரிந்தது. "என்னடா அது, மாட்டுக் கொட்டாயா?" என்று கேட்டேன். நண்பன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். இருபது வருஷம் இதே மாவட்டத்தில் சாம்பார் சாப்பிட்டு வளர்ந்தவன் கேட்கிற கேள்வியா அது? அதுதான் வெங்காயப் பட்டறை.

மலையிலிருந்து இறங்கி வண்டிப்பாதையில் நடந்தோம். முதல் நாள் பெய்த மழையில் கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலும் இரண்டு கிலோ கனத்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டோம். அப்புறம் வேகமாக நடக்க முடியாது, முள் பார்த்துத்தான் நடக்க வேண்டும். வேகம் குறைந்தால் கண் வேலை செய்ய ஆரம்பிக்கிறது. வரப்போரம் ஒரு பெரியவர் வெங்காயத் தாளைக் கையில் சுருட்டி மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். தாள் பாம்பு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது. "திருகல் நோய்" என்றான் நண்பன். இன்னொன்று கோழிக்கால் நோயாம், அதில் வேர்ப்பக்கம் அழுகிவிடும். இரண்டில் எது வந்தாலும் மருந்துக்கடையில் அக்கவுண்ட் ஏறும். அந்தப் பெரியவர் என்னைப் பார்த்து, "தம்பி என்ன படிக்குது?" என்று கேட்டார். மெக்கானிக்கல் என்றேன். "அப்ப மோட்டாரு ரிப்பேர் பண்ணத் தெரியுமா?" என்றார். நான் வானத்தைப் பார்த்தேன். மின்சார மோட்டார் இ.இ.இ. காரர்களின் பாடம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

இங்கே கொஞ்சம் வெங்காயக் கணக்குச் சொல்ல வேண்டும். சிவில் நண்பர்கள் ஒரு பத்தி தாண்டிக்கொள்ளலாம், ஆனால் தாண்டாமல் இருந்தால் நல்லது. சின்ன வெங்காயத்துக்குப் பெரும்பாலும் விதை என்பது வெங்காயமேதான். போன பட்டத்தில் விளைந்ததில் திரட்சியானதைப் பார்த்து எடுத்து, இரண்டு மூன்று மாதம் ஆறப்போட்டு, அடுத்த பட்டத்தில் நடுகிறார்கள். ஒரு ஏக்கருக்கு ஏறக்குறைய 600 கிலோ வேண்டும். நட்டு 65, 70 நாளில் அறுவடை. அறுத்ததைக் காயவைத்து, தாளை அறுத்து, நல்லதும் கெட்டதும் பிரித்து, விற்கிறதை விற்றுவிட்டு, விலை வரும் வரைக்குமோ விதைக்கோ பட்டறையில் போட்டு வைக்கிறார்கள். பட்டறையில் இருக்கிற வெங்காயம் சும்மா இருப்பதில்லை. உயிருள்ள பொருள், மூச்சு விடுகிறது. மூச்சு விட்டால் சூடும் ஈரமும் வரும். காற்று அதை வெளியே கொண்டுபோகவில்லை என்றால் ஒன்று முளைத்துவிடும், இல்லை அழுகிவிடும். ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதும் போச்சு.

விலையைப் பற்றிச் சொன்னால் இந்த மலர் போதாது. நம் சின்ன வெங்காயம் இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் வரை போகிறது. ஆனால் டெல்லியில் பெரிய வெங்காயம் விலை ஏறினால் இங்கே சின்ன வெங்காயத்துக்கும் சேர்த்துத் தடை போட்டுவிடுகிறார்கள். 2020 செப்டம்பரில் தடை. மறுபடி 2023 டிசம்பரில் போட்டு 2024 மே மாதம்தான் எடுத்தார்கள். இரண்டுக்கும் தனித்தனி ஏற்றுமதிக் குறியீட்டு எண் கொடுங்கள் என்று விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 2025-ல் செட்டிகுளம் சின்ன வெங்காயத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் பெருமைதான், மறுக்கவில்லை. மலைமேல் நின்று நண்பனிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன். "குறியீட்டை வெச்சுக் கொழம்பு வைக்க முடியுமாடா?" என்றான்.

சரி, நடைக்கு வருவோம். நண்பன் வீட்டுக் கொட்டாயை நெருங்கும்போது அவன் திடீரென்று நின்றுவிட்டான். முகம் மாறிவிட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்கள் பட்டறை எதிரே தெரிந்தது. கீழே கல் வரிசை, அதன்மேல் கட்டையும் குச்சியும் பரப்பி, இரண்டு பக்கமும் மூங்கில் தட்டி, மேலே கீற்று. அகலம் ஆள் கைநீட்டும் அளவு, நீளம் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. எனக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோல்தான் பட்டது. அவன் பார்த்தது வேறு. பட்டறையின் மேற்கு முனையில் தட்டியைப் பிரித்திருந்தார்கள்.

அந்த முனை விதைக்கு வைத்தது.

நண்பனின் அம்மா கொட்டாய் வாசலில் வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். "வாங்க தம்பி, நடந்தா வந்தீங்க? பாவம்" என்று எழுந்து தண்ணீர் கொடுத்தார்கள். நண்பன் நேராகக் கேட்டான், "ஏம்மா பட்டறையப் பிரிச்சீங்க?" அம்மா என்னைப் பார்த்துவிட்டுச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தார்கள். அப்புறம் சாதாரணமாகத்தான் சொன்னார்கள். "உங்க காலேஜு பணத்துக்குத்தான்டா. மூவாயிரம் கேட்டியே. கையில இல்ல. அப்பா ரெண்டு மூட்டை போட்டாரு. வெல இல்லதான், என்ன பண்றது, பரிச்சைக்குன்னு கேட்டா இல்லன்னு சொல்ல முடியுமா?"

பரீட்சைக்கு!

நான் தண்ணீர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நடவுக்கு மூன்று வாரம் இருக்கையில் விதையை விற்றால், நடவு நாளில் அதையே கூடுதல் விலை கொடுத்து யாரிடமாவது வாங்க வேண்டும். நண்பனின் அப்பாவுக்கு அது தெரியாதா? முப்பது வருஷம் வெங்காயம் போட்டவர். தெரிந்தேதான் போட்டிருக்கிறார். எதற்கு? பச்சைப் பெயிண்ட் அடித்த ஒரு வைஸுக்கு. அந்த வைஸ் வைவா முடிந்ததும் டிபார்ட்மென்ட் ஸ்டோர் ரூம் மூலையில், போன வருஷத்து நீல வைஸுக்குப் பக்கத்தில் போய் உட்காரும்.

நண்பர்களே, அந்த இரண்டு மூட்டையை நான் பைக்கில் போயிருந்தால் பார்த்திருக்க மாட்டேன். பைக்கில் போனால் பட்டறை தெரியும். பட்டறையின் முனை பிரிந்திருப்பது தெரியாது.

சற்று நேரத்தில் நண்பனின் அப்பா வந்தார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் சும்மா இருக்க முடியாமல், "அப்பா, இதை ஏன் இவ்வளவு குறுகலா கட்டியிருக்கீங்க? அகலமா கட்டினா நிறையப் பிடிக்குமே" என்று ஒரு கேள்வி கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துத் தட்டிக்குள் விடச் சொன்னார். விட்டேன். உள்ளே காற்று வருவது விரலில் தெரிந்தது. "அகலமா கட்டினா நடுவுல காத்து வராது தம்பி. நடுவுலதான் மொதல்ல அழுவும்" என்றார். தரையிலிருந்து ஏன் தூக்கியிருக்கிறது, கூரையை ஏன் பக்கவாட்டில் இவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது, எந்தத் திசைக் காற்றுக்கு எப்படி வைக்க வேண்டும் என்று அரைமணி நேரம் சொன்னார். தெர்மல் இன்ஜினியரிங் வகுப்பில் வெப்பச் சலனம் என்று மூன்று பக்கம் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அது கையில் பட்டது அன்றைக்குத்தான். அவர் ஒரு குறையும் சொன்னார். கீற்று இரண்டு வருஷத்தில் மக்கிவிடுகிறது, கீற்று வேய ஆள் கிடைப்பதில்லை, அதனால் பக்கத்துக் காட்டில் தகரம் போட்டுவிட்டார்கள், "ஆனா தகரத்துல வெங்காயம் சீக்கிரம் மொளைக்குதுன்னு தோணுது. எனக்குத் தோணுதுதான், எடை போட்டுப் பாத்ததில்ல" என்றார்.

எடை போட்டுப் பார்த்ததில்லை! இதைவிட ஒரு புராஜெக்ட் தலைப்பை எந்தக் கடைக்காரன் லிஸ்ட்டில் போடுவான்?

திரும்பும்போது இருட்டிவிட்டது. நானும் நண்பனும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. பாதி வழியில் அவன்தான், "நான் கேட்டிருக்கக் கூடாதுடா" என்றான். "நாம கேட்டிருக்கக் கூடாது" என்றேன். அதோடு சரி. பஸ் போய்விட்டது. ராத்திரி அங்கேயே தங்கி, வெங்காயச் சட்னியும் தோசையும் சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் பொய். ஏழு தோசை சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை குழுவைக் கூட்டினோம். சண்டைதான். "உணர்ச்சிவசப்படாதடா, மார்க் முக்கியம்" என்றான் ஒருவன். "எக்ஸ்டர்னல் வந்து வொர்க்கிங் மாடல் எங்கேன்னு கேட்டா வெங்காயத்தைக் காட்டுவியா?" என்றான் இன்னொருவன். நியாயமான கேள்வி. கடைக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தர முடியாது என்று சொல்லிவிட்டார். தலைக்கு 1,500 போனது போனதுதான். இரண்டு பேர் வேறு குழுவில் சேர்ந்து அதே வைஸை எடுத்துக்கொண்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒருவனுக்கு மூன்று அரியர், தலைக்கு மேல் வெள்ளம். மீதி நான்கு பேர் நின்றோம். நண்பன் தன்னிடம் மிச்சமிருந்த 1,500-ஐ அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தான். அவர் எண்ணிப் பார்க்காமல் மடியில் செருகிக்கொண்டாராம்.

இப்போது எங்கள் புராஜெக்ட் இதுதான். தை மாசியில் அறுத்த வெங்காயம் பட்டறைக்கு வந்தது. கீற்றுக் கூரைப் பட்டறை ஒன்று, தகரக் கூரைப் பட்டறை ஒன்று, தகரத்தின் மேல் பழைய கீற்றைப் பரப்பியது ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு சாதா தெர்மாமீட்டர், துணித்திரி சுற்றிய ஈரக்குமிழ் தெர்மாமீட்டர் ஒன்று. ஐந்து கிலோ வலைப்பை நான்கு. ஒவ்வொரு சனிக்கிழமையும் நடந்துபோய் எடை போட்டு, முளைத்தது எத்தனை, அழுகியது எத்தனை என்று எண்ணி எழுதுகிறோம். மொத்தச் செலவு ஒரு ஆளின் அட்வான்ஸைக்கூடத் தொடவில்லை. வொர்க்கிங் மாடல் வேண்டும் என்பதற்காக, ஆள் உயரத்தில் ஒரு சின்னப் பட்டறையை எங்கள் வொர்க்ஷாப்பிலேயே ஆங்கிள் அடித்து வெல்டிங் வைத்துக்கொண்டிருக்கிறோம். கழற்றி மாட்டும்படி. வெல்டிங் அசிங்கமாகத்தான் இருக்கிறது. எங்கள் வெல்டிங்.

இதை எழுதுவதால் எல்லோரும் வெங்காயத்துக்கு ஓடி வாருங்கள் என்று அர்த்தமில்லை. உங்கள் ஊரில் வேறு ஏதாவது இருக்கும், அதை எனக்குச் சொல்லத் தெரியாது. நடந்தால் உங்களுக்குத் தெரியும். சிவில்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1802-ல் லாம்டன் என்கிற வெள்ளைக்காரர் சென்னை பரங்கிமலைப் பக்கத்தில் நூறு அடிச் சங்கிலியைப் போட்டு ஏழரை மைல் அளந்தார். இந்தியாவையே அளந்த பெரிய சர்வே அங்கேதான் ஆரம்பித்தது. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது அவருடைய பெரிய தியோடலைட் அடிபட்டுப் போனது, உட்கார்ந்து அவரே சரிசெய்தார். நாமோ சர்வே பிராக்டிகலில் சங்கிலியை இரண்டு தடவை இழுத்துவிட்டு மீதி ரீடிங்கை மரநிழலில் 'தயாரிக்கிறோம்'. நம் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப்போன மரம் கிடக்கிறது, ஏறக்குறைய 12 கோடி வருஷத்தது. இந்தப் பக்கமெல்லாம் கடலாக இருந்த காலத்தது. 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற நம் தமிழ்நாட்டு நிலவியலாளர்தான் அதை உலகத்துக்குச் சொன்னார். அப்படிப்பட்டவர்கள் எல்லாம் ஓடையோரம் சுத்தியலோடு நடந்து பார்த்துத்தான் சொன்னார்கள். நம் வகுப்பில் எத்தனை பேர் சாத்தனூர் போயிருக்கிறோம்? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். செல்ஃபி எடுக்கப் போனவர்கள் கையை இறக்கிவிடலாம்.

நான் இந்தக் கட்டுரையைப் படிக்கக் கொடுத்தபோது எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி ஒரு கேள்வி கேட்டாள். "நீங்க சாயங்காலம் கெளம்பி நண்பன் ஊருக்குப் போய், இருட்டினதும் தங்கிட்டு வருவீங்க. நாங்க ஏழு மணிக்கு மேல வீட்டுக்கு வந்தா எங்க வீட்டுல என்ன கேப்பாங்க தெரியுமா?" பதில் சொல்ல முடியவில்லை. அவள் சொல்வது உண்மை. 'நடந்து பார்' என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன், அந்தச் சுலபம் எல்லோருக்கும் இல்லை. அவளே இன்னொன்றும் சொன்னாள்: அவளுடைய அம்மா தினமும் காட்டுக்கு நான்கு கிலோமீட்டர் நடக்கிறார்களாம், அதை யாரும் நடை என்று சொல்வதில்லையாம். அடுத்த சனிக்கிழமை அவள் அம்மாவோடு காட்டுக்குப் போனாள். வெங்காயத்தின் தாளை உட்கார்ந்து அறுத்து அறுத்துப் பெண்களுக்குக் கட்டைவிரலும் இடுப்பும் போவதைப் பார்த்துவிட்டு வந்து, உட்கார்ந்தபடி மிதித்து அறுக்கிற ஒரு சின்னச் சாதனம் வரைந்து வைத்திருக்கிறாள். எங்களுடையதைவிட நல்ல புராஜெக்ட். பொறாமையாக இருக்கிறது.

"வேலைக்குப் போற எடத்துல பட்டறையப் பத்தியா கேக்கப் போறான்?" என்று சிலர் கேட்கிறார்கள். கேட்க மாட்டான். ஸ்ரீபெரும்புதூருக்கோ ஒரகடத்துக்கோ போனால் அங்கே வெங்காயம் கேன்டீனில் மட்டும்தான் இருக்கும். ஆனால் இன்டர்வியூவில் எல்லோரிடமும் ஒரு கேள்வி உண்டு: உன் புராஜெக்டைச் சொல். நியூமேட்டிக் வைஸில் சிலிண்டர் விட்டம் ஏன் இவ்வளவு வைத்தாய் என்று கேட்டதற்கு, "கடையில அதான் இருந்துச்சு சார்" என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு வியர்த்து நின்ற சீனியரை எனக்குத் தெரியும். நாங்களும் கம்பெனிக்குத்தான் போகப்போகிறோம். நண்பனும்தான். விவசாயம் பார்க்க ஊரிலேயே இரு என்று அவனுக்குப் புத்தி சொல்லும் அளவுக்கு நான் பெரிய மனிதன் இல்லை. அவன் அப்பாவே அதைச் சொல்லவில்லை.

வைவாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. என்ன மார்க் வரும் என்று தெரியாது. எங்கள் கைடு, "பரவாயில்ல, புதுசா இருக்கு" என்றார். அதற்கு மேல் வாக்குறுதி எதுவும் தரவில்லை. தகரத்தில் வெங்காயம் சீக்கிரம் முளைக்கிறது என்று அப்பாவுக்குத் தோன்றியது சரியா என்பதற்கு விடை வந்துகொண்டிருக்கிறது. எடைக் கணக்கு முழுசாக முடியாமல் அதை இங்கே எழுதுவது சரியல்ல.

நடுவில் பிராக்டிகல் பரீட்சை வந்ததால் ஒரு வாரம் எங்களால் செட்டிகுளம் போக முடியவில்லை. ஒரு வார ரீடிங் போச்சே என்று அடுத்த சனிக்கிழமை வேகவேகமாக நடந்து போனோம். கொட்டாயில் ஆணியில் ஒரு தாள் மாட்டியிருந்தது. தினசரிக் காலண்டரில் கிழித்த தாள். அதன் பின்பக்கத்தில் நண்பனின் அப்பா பென்சிலால், காலை, மத்தியானம், சாயங்காலம் என்று மூன்று பட்டறைக்கும் தெர்மாமீட்டர் பார்த்து எழுதியிருந்தார். ஏழு நாளுக்கும். ஈரக்குமிழையும் விடவில்லை, 'திரி தண்ணி' என்று தலைப்புப் போட்டு எழுதியிருந்தார். ஒரு நாள் மத்தியான ரீடிங்குக்கு நேரே மட்டும் 'மாடு தட்டி வுட்டுச்சு' என்று இருந்தது.

அந்தத் தாளை ரெக்கார்டில் அப்படியே ஒட்டலாம் என்கிறேன் நான். டைப் செய்து அட்டவணையாகப் போட்டால்தான் மதிப்பு என்கிறார்கள் மற்ற இரண்டு பேர். நண்பன் எந்தப் பக்கமும் சேரவில்லை, தாளை எடுத்து மடித்து தன் பையில் வைத்துக்கொண்டான். தகராறு இன்னும் தீரவில்லை.